பசியாவரத்துக்குக் கொண்டுபோன ரயில்கார்

1979 ஜனவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 6.10-க்குச் சென்னையில் பாசஞ்சர் ஏறினேன். மடியில் அட்டைப்பெட்டி. அதற்குள் நான் செய்த டீசல் ரயில்கார். உடம்பு பால்பவுடர் டின் தகரம், கண்ணாடிக்குக் கழுவிய எக்ஸ்ரே ஃபிலிம். அடிக்குக் கால் அங்குலக் கணக்கில் பதினைந்து அங்குல நீளம்.

நான் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். எஞ்சின் இழுக்காமல் தானே ஓடும் அந்த ஒற்றைப் பெட்டி வண்டிகளைப் பழுது பார்ப்பது வேலை. அவற்றைச் சின்னதாகச் செய்வது பைத்தியம். போன வருடம் தெற்கே ஒரு கிளைப்பாதையில், ஆளில்லாத கேட்டில் லாரி மீது மோதிய வண்டி எங்கள் ஷெட்டுக்குத்தான் வந்தது. ஓட்டிய தேசப்பன் மட்டும் இறந்துபோனார். அவர் மனைவி கஸ்தூரி, பழவேற்காடு ஏரியில் தீவாக இருக்கும் பசியாவரத்திலிருந்து ஷெட்டுக்குக் கடிதம் எழுதியிருந்தார். ‘எஞ்சினுக்குப் பின்னால் இருந்தவர் எப்படிச் செத்தார்? தூங்கிவிட்டார் என்கிறார்கள். உண்மையா?’ யாரும் பதில் போடவில்லை. காகிதத்தில் எழுதி விளங்கவைக்க எனக்கும் வராது.

பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காட்டுக்கு பஸ். டிக்கெட் ஒரு ரூபாய். 9.30-க்குப் படகுத்துறை. வானமும் ஏரியும் ஒரே சாம்பல் நிறம். படகோட்டி மாரி, தேசப்பனின் அண்ணன் என்பது பேச்சில் தெரிந்தது.

“பொட்டில இன்னா சார்?”

“உங்க தம்பி ஓட்டின வண்டி மாதிரி ஒண்ணு.”

“தூங்கிப் பூட்டவன் வண்டி எங்களுக்கு எதுக்கு?” என்றவர், கழியை ஊன்றிப் படகைத் தள்ளினார்.

பசியாவரத்தில் கஸ்தூரி வாசலில் பாய் விரித்தார். ரயில்காரை அதன்மேல் வைத்தேன். மாரி தள்ளி நின்றார்.

“எஞ்சின் எங்க இருக்குண்ணா?”

“தரைக்கு அடியிலம்மா. முன்னாடி எஞ்சின் கிடையாது.”

“அவரு எங்க குந்தியிருந்தாரு?”

காட்டினேன். லாரிக்கும் அவருக்கும் நடுவே கண்ணாடியும் ஒரு தகரமும்தான். கஸ்தூரியின் விரல் அங்கேயே நின்றது.

“அவர் தூங்கல. வண்டி ஷெட்டுக்கு வந்தப்போ நான் பார்த்தேன், பிரேக் கைப்பிடி முழுசாப் போட்டபடி இருந்துச்சு. அவர் பிடிச்சதாலதான் பின்னாடி இருந்தவங்க பிழைச்சாங்க.”

“இந்தக் கதவு?”

“பயணிகள் பக்கம் போறது.”

“ஓடியிருந்தா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “பிழைச்சிருக்கலாம்.”

கஸ்தூரி அழவில்லை. மாரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தார். அவர் போனபிறகுதான் கஸ்தூரி மெதுவாகச் சொன்னார்: “லாரி வர்றத பாத்துனே இருந்திருக்காரு. தூங்கினாருன்னு நெனச்சப்ப, ஒண்ணும் தெரியாம பூட்டாருன்னு ஒரு ஆறுதலாவது இருந்துச்சிண்ணா.”

வண்டியை வைத்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்றார்.

12.40-க்குத் திரும்பினேன். வாடைக்காற்றில் படகு ஆடியது. பாதி ஏரியில் மாரி கழியை நிறுத்தினார்.

“ஊருக்கே சொல்லப்போறேன் சார், எந்தம்பி தூங்கலனு. கஸ்தூரிக்கும் மனசு ஆறியிருக்கும், இல்ல?”

“ஊருக்குச் சொல்லுங்க,” என்றேன். கஸ்தூரி சொன்னதை அவர் கேட்டிருக்கவில்லை; அட்டைப்பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.