புளித் தண்ணீரில் கரைந்த தொட்டில்கள்

ஐயாதுரைக்கும் அழகுத்தாய்க்கும் பிள்ளை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் வீடு முழுக்கக் கல்தான் இருந்தது. ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆய்வகத்தில் செய்முறை சொல்லித்தரும் டெமான்ஸ்ட்ரேட்டரான ஐயாதுரை, கோடை விடுமுறை தோறும் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழிகளில் பொறுக்கி வந்தவை.

“ஊர்ல புருசன்மார் பூ வாங்கிட்டு வாராக. ஒம் புருசன் கல்லச் சொமந்துட்டு வாராக. இத வச்சு என்ன கொழம்பு வைப்ப, அழகு?” என்று அடுத்த வீட்டு வெள்ளத்தாய் கேலி செய்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயாதுரை மனைவியைக் கூப்பிட்டு ஒரு கல்லையும் லென்ஸையும் கொடுத்தார்.

“கடல் பாறையில பாசி கணக்காப் படர்ற உசிரு இது. பிரையோசோவான்னு பேரு. ஒவ்வொண்ணும் சுண்ணாம்புல சின்ன அறை கட்டி, கூட்டமாக் குடியிருக்கும். இது செத்து ஏழு கோடி வருசம் இருக்கும்.”

“எம்மாடி! அரியலூர்ல கடலா கெடந்துச்சு?”

“ஆமா. பழைய ஆராய்ச்சிக்காரக இந்தக் கல்லையெல்லாம் மெம்பிரானிபோராங்கிற ஒரே பேரினத்துல அள்ளிப் போட்டுட்டாக. ஆனா மெம்பிரானிபோரா முட்டையக் கடல்லயே விட்டுரும். குஞ்சு வளக்க அறை கட்டாது. இதுல பாரு, ஒவ்வொரு அறைத் தலைமாட்டுலயும் சின்னக் கொப்புளம்.”

அவள் பார்த்தாள். “தொட்டில் மாதிரி இருக்கே.”

“அதேதான் தாயி. தொட்டில் இருந்தா அது மெம்பிரானிபோரா இல்ல. வேற பேரினம். என் ஆராய்ச்சியே இந்தத் தொட்டில்தான்.”

பிள்ளை சுமக்காத அந்தப் பெண் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

1988 ஆடியில், ஆய்வை மதிப்பிடும் பேராசிரியர் தனுஷ்கோடி வீட்டுக்கே வருவதாகச் சொல்லி அனுப்பினார். கையால் வரைந்த படம் போதாது, கல்லையே பார்க்க வேண்டும் என்றார். ஆடிப்பூரத் தேருக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஐயாதுரை கல்லூரிக்குப் போயிருந்தார். அழகுத்தாய் குத்துவிளக்கை வழக்கம்போலப் புளி போட்டு விளக்கினாள். மண்ணேறிக் கிடந்த கற்கள் கண்ணில் பட்டன. பெரிய மனுசர் வரும்போது புருசனின் உழைப்பு இப்படியா அழுக்காக இருப்பது?

எல்லாவற்றையும் புளித்தண்ணீரில் ஊறப்போட்டாள். குமிழ் குமிழாக நுரைத்தது. அழுக்குப் போகிறது என்று பூரித்தாள். தேங்காய் நாரால் தேய்த்தாள். கற்கள் பளிச்சென்று ஆயின. பேராசிரியர் முன்னால் காட்டி அசத்தலாமென்று, புருசன் வருமுன் துணி போட்டு மூடி வைத்தாள்.

மறுநாள் தனுஷ்கோடி கல் மாற்றிக் கல் எடுத்துப் பார்த்தார். “குஞ்சறை எங்க ஐயாதுரை? எல்லாம் மழுங்கிப் போயிருக்கே. இத வச்சுப் பேரினத்த மாத்த முடியாது. பழைய பேரே இருக்கட்டும்.”

ஐயாதுரை ஒரு கல்லை மூக்கருகே கொண்டுபோனார். புளி வாடை.

காபியோடு வந்த அழகுத்தாய் சிரித்தாள். “நல்லா வெளக்கியிருக்கேனாங்க?”

அவர் கல்லைக் கீழே வைத்தார். “நல்லா வெளக்கியிருக்க, தாயி.”

“புளியிலயாம்மா?” என்று கேட்டுவிட்டார் பேராசிரியர். “சுண்ணாம்பும்மா அது. புளி அரிச்சுருமே.”

அவள் காபியை வைத்துவிட்டு, ஒரு கல்லை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள்.

அடுத்த கோடையில் ஐயாதுரை மறுபடியும் கல் தேடி அரியலூருக்குப் போனார். அவர் பொறுக்கிய அந்தப் பாறை அடுக்கு முழுவதும் வெட்டப்பட்டு, சிமெண்டாகிப் போயிருந்தது. குழியில் பச்சைத் தண்ணீர் நின்றது. திரும்பி வந்தவர் பேனாவைத் தொடவில்லை. டெமான்ஸ்ட்ரேட்டராகவே நரைத்தார்.

அந்த வீட்டுக்குள் அதன்பிறகு புளி வரவில்லை.

“ஏட்டி, போனது போச்சு. ஒருநாளாச்சும் புளிக்கொழம்பு வையேன். நாக்கு செத்துப்போச்சு” என்பார்.

“அதத் தொட்ட கை வெளங்காதுங்க” என்று அவள் எழுந்து போய்விடுவாள்.

1996இல் ஒரு காலை, ராஜபாளையம் பஸ்ஸுக்காக நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பிறகு எழவில்லை.

பதினாறாம் நாள் படையல். “அவியளுக்குப் புடிச்சது என்ன?” என்று கேட்டாள் வெள்ளத்தாய்.

அழகுத்தாய் எழுந்து வெள்ளத்தாயின் வீட்டுக்கே போய், ஒரு கைப்பிடி புளி வாங்கி வந்தாள். தண்ணீரில் போட்டுக் கரைக்கத் தொடங்கினாள்.