அம்மா தேய்த்த கழுத்து

பத்தாம் வகுப்பு படிக்கும்போது என் கழுத்தின் பின்பக்கம் கறுக்கத் தொடங்கியது. அம்மா ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: அழுக்கு. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதெல்லாம் பீர்க்கங்காய் நாரும் கையுமாக வந்துவிடுவாள். கடலைமாவு, எலுமிச்சை மூடி, தயிர் என்று பாதிச் சமையற்கட்டு என் கழுத்தில் ஏறி இறங்கியது. தோல் எரியும். கறுப்பு அசையாது.

"ஒழுங்காத் தேச்சுக் குளிச்சா ஏன்டி இப்படி இருக்கு? நாளைக்குக் கட்டிக்கப்போறவன் என்னையத்தான் கேப்பான், புள்ளைய எப்படி வளத்தீங்கன்னு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் நான் அழுக்கானவள் என்று நானே நம்பிவிட்டேன், அதுதான் கொடுமை. குடவாசலிலிருந்து கும்பகோணம் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் கடைசி சீட்டாகப் பார்த்து உட்காருவேன். பின்னாலிருந்து யாரும் பார்க்க முடியாதே. கொண்டை போட்டதே கிடையாது.

போன வருஷம் சித்தி மகளுக்குக் கல்யாணம் வந்தது. பருவைக் கிள்ளிக் கிள்ளி என் கன்னத்தில் கரும்புள்ளி விழுந்திருந்ததால், அம்மாவே என்னைக் கும்பகோணத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

"கிள்ளாம இருந்தா இது தானா மங்கிடும். வெயில்ல போறப்ப சன்ஸ்கிரீன் போட்டுக்கம்மா" என்றவர், என் துப்பட்டாவை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

அம்மா முந்திக்கொண்டாள். "சொன்னாக் கேக்கவே மாட்டேங்குறா டாக்டர். தேச்சே குளிக்க மாட்டா."

"இது அழுக்கு இல்லம்மா. தேய்க்கத் தேய்க்க இன்னும்தான் கறுக்கும். சர்க்கரை வரப்போகுதுன்னா சில பேருக்குக் கழுத்து இப்படி ஆகும். வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா?"

"எங்க வீட்ல யாருக்கும் இல்லீங்க" என்று அம்மா தலையைப் பலமாக ஆட்டியதில் முந்தானை நழுவியது. டாக்டரம்மா எழுந்துவந்து அம்மாவின் கழுத்தைப் பார்த்தார். அதே கறுப்பு.

"இது தாலிச் செயின் உரசுனதுங்க, கல்யாணம் ஆனதுலேருந்து..." அம்மாவின் கை தன் கழுத்தைத் தடவிப் பார்த்தது.

இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தோம். எனக்குச் சர்க்கரை வாசல்வரை வந்து நின்றது. அம்மாவுக்கு உள்ளேயே வந்துவிட்டிருந்தது. கால் எரிச்சலையும் ஓயாத தாகத்தையும் நடவு வெயிலின் கணக்கில் எழுதிவிட்டு நடமாடியிருக்கிறாள். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவள்மேல் இருந்த கோபமெல்லாம் பயமாக மாறியது. "கண்ணு, கிட்னி எல்லாம் நல்லா இருக்கு. நல்ல நேரத்துல வந்துட்டீங்க" என்று சர்க்கரை டாக்டர் சோதித்துச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. "நெல்லு வெளையிற வீட்ல சோத்தைக் கொறைக்கச் சொல்றாங்களே, ஊரு சிரிக்காது?" என்றார். ஆனால் முதலில் தன் தட்டில் சோற்றைக் குறைத்தவரும் அவர்தான். இப்போது அம்மாவும் நானும் விடிகாலையில் வாய்க்கால் கரையில் நடக்கிறோம். அவள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

கறுப்பு முழுக்கப் போகவில்லை. இருவருக்கும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. தீபாவளியன்று அம்மா எனக்கு எண்ணெய் தேய்க்க வந்தாள். பழக்கதோஷத்தில் என் தோள் குறுகிக்கொண்டது. அவள் கையில் நார் இல்லை. உள்ளங்கையால் என் கழுத்தை மெல்ல நீவியபடி, "வலிக்குதாடி?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. "இல்லம்மா" என்றேன். குளித்துவிட்டு, கொண்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.