சோதனைச் சாவடியில் ஒரு புறாப் புத்தகம்

இன்று பின்னேரம் கொழும்பு வெள்ளவத்தையில் பொலிஸார் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள்.

என் பைக்குள் மகளுக்கு வாங்கிய படப் புத்தகம். வீட்டில் வளர்க்கும் புறா அப்பாவின் மொட்டைத் தலையில் முட்டையிடுகிற கதை.

பொலிஸ்காரர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "புறா கடிதம் கொண்டு போகும்தானே? புத்தகத்தை வைத்துவிட்டுப் போ" என்றார் சிங்களத்தில்.

"இந்தப் புறா எச்சம் மட்டும்தான் போடும்" என்றேன், நானும் சிங்களத்திலேயே. "புத்தகம் இல்லாமல் நான் போகமாட்டேன்."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு அன்ரி படத்தை எட்டிப் பார்த்தார். "ஐயோ பிள்ளை, முட்டை போட இதுக்கு வேற இடம் கிடைக்கேல்லையே?"

வரிசையே சிரித்தது. பொலிஸ்காரர் மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தை என் கையில் திணித்தார்.

நாளைக்கும் அது என் பைக்குள் இருக்கும். கடையில் இன்னும் ஐந்தாறு கிடக்கின்றன. உங்கள் பைகளில் ஆளுக்கொன்று வைக்க இடமிருக்கிறதா?