டொம்போஸில் இருந்த சைக்கிள்

அந்தச் சைக்கிளை நான் வாங்கியதற்கு ஒரே காரணம், அது டொம்போஸில் இருந்தது. ஒஸ்லோவிலிருந்து காரில் போக நாலு மணித்தியாலம், வர நாலு மணித்தியாலம். அந்த எட்டு மணித்தியாலத்துக்காகத்தான் நான் சைக்கிள் வாங்கினேன்.

பழைய சாமான் விற்கும் இணையத்தளத்தில் எல்லோரும் விலை குறைந்ததைத் தேடுவார்கள், இல்லாவிட்டால் கிட்டத்தில் இருப்பதைத் தேடுவார்கள். நான் ஆகத் தூரத்தில் இருப்பதை முதலில் காட்டு என்று தேடினேன். முதலில் வந்தது வடக்கு அந்தத்தில், கடலோரம் நின்ற ஒரு சைக்கிள். அதை எடுக்கப் போனால் திரும்பி வர நாலு நாள் ஆகும், அதற்குள் வீட்டில் இருப்பவர்கள் பொலிசுக்கு அறிவித்துவிடுவார்கள். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே இறங்கி வந்தேன். காலையில் போய்ப் பின்னேரம் திரும்பக்கூடிய ஆகத் தூரமான இடம் டொம்போஸ் என்று ஒரு கிழமைத் தேடலுக்குப் பிறகு முடிவாயிற்று.

எனக்குத் தனியாகப் போக வேண்டும். வேறு நோக்கம் எதுவும் கிடையாது. தனிமை என்று சொன்னால் ஏதோ பெரிய விஷயம் மாதிரி இருக்கிறது. ஒருவரும் என்னைக் கூப்பிடாத ஒரு நாள், அவ்வளவுதான்.

நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். என் பகுதியில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு அழைப்பு மணி. வேலை முடிந்து ஹொல்ம்லியாவில் இருக்கும் வீட்டுக்கு ரயில் ஏறினால் கைபேசி அடிக்கும்: ஹொல்ம்லியா வந்தாச்சோ, பால் இருக்கோ, வெங்காயம் இருக்கோ. வீட்டுக்குப் போனால் கணவர் இருப்பார். கணவர் இல்லாவிட்டால் அவருடைய அக்கா இருப்பார். அந்த மச்சாள் பியோர்ண்டாலில் குடியிருக்கிறார், ஆனால் எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கும் திறப்பு ஒன்று அவரிடம் இருக்கிறது. மகள் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போய்விட்டாள், என்றாலும் சனிக்கிழமைகளில் எங்கள் சோபாவில்தான் கிடப்பாள். இவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அதுதான் பிரச்சினை. கெட்டவர்கள் என்றால் கதவைச் சாத்தியிருக்கலாம்.

போன மாரிக் குளிருக்குள் எனக்குப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை நடந்தது. ஒரு மணித்தியாலம் வாயைத் திறந்தபடி படுத்திருந்தேன். ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டாலும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. முடிந்து எழும்பும்போது, மற்றப் பக்கத்தையும் ஒருக்கால் பார்த்துவிடுங்களேன் என்று கேட்க நினைத்தேன். அன்றைக்குத்தான் எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பயம் வந்தது.

சைக்கிளை விற்றவர் ஓய்வுபெற்ற ஒரு நொர்வேஜியப் பெண். நான் சனிக்கிழமை வரலாமா என்று எழுதிக் கேட்டேன். "வரலாம், ஆனால் நான் வீட்டில் இருக்க மாட்டேன், சைக்கிள் விறகுக் கொட்டிலில் சாய்த்திருக்கும்" என்று பதில் வந்தது. அவ்வளவு அழகான ஒரு கடிதம் எனக்கு வந்து பல வருஷம். உடனே பணத்தை அனுப்பிவிட்டேன். அதன் பிறகுதான் அது என்ன நிறம் என்று பார்த்தேன். பச்சை.

அன்றைக்குப் பின்னேரம் கணவரிடம் சொன்னேன். 

"கீழை ரண்டு சைக்கிள் நிக்குது. ஒண்டுக்கும் காத்தில்லை. இது என்னத்துக்கு?" என்றார்.

"இது வேறை மாதிரி. செயினுக்கு முழுசா மூடி இருக்கு. சீலை மாட்டாது."

"நீர் எப்ப சீலையோடை சைக்கிள் ஓடினனீர்?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டொம்போஸ் என்ற சொல் காதில் விழுந்ததுமே கைபேசியை எடுத்து வேலையிடத்தில் யாரோடோ கதைத்து, பத்து நிமிடத்தில் சனிக்கிழமை வேலையை மாற்றிவிட்டார். அவர் இருபத்திரண்டு வருஷமாக ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். ஸ்டியரிங் என்று ஒன்று இருந்தால் அது தன் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நான் கார் ஓட்டும்போது பக்கத்தில் இருந்துகொண்டு, இல்லாத பிரேக்கை வலக்காலால் மிதித்தபடி வருவார். லோறென்ஸ்கூக் போய்ச் சேர்வதற்குள் அவருக்குக் கால் உளைந்துவிடும்.

அடுத்த நாள் மச்சாளுக்குத் தெரிந்துவிட்டது.

"உவ்வளவு தூரம் நீங்கள் ரண்டு பேரும் தனியவோ?" என்று கேட்டார். "பாவம். துணைக்கு நானும் வாறன்."

எங்கள் ஆட்களுக்கு ஒருவர் தனியாகப் போவதைப் பார்த்தால் பொறுக்காது. துணைக்கு ஒருவரை அனுப்புவார்கள். துணைக்குப் போகிறவர் பாவம் என்று அவருக்கும் ஒருவரைச் சேர்த்துவிடுவார்கள். இரண்டு பேர் போவதையும் தனியாகப் போவதென்று சொல்லக்கூடியவர் என் மச்சாள்.

மூன்றாம் நாள் மகள் தொலைபேசியில் வந்தாள். "அம்மா, அங்கத்தை டயலெக்ட் உங்களுக்கு விளங்காது. நானும் வாறன். கதைக்கிறதுக்கு ஆள் வேணுமெல்லோ."

இருபத்தேழு வருஷமாக நான் இந்த நாட்டுப் பல்லில்லாத வாய்கள் பேசும் நொர்வேஜிய மொழியை விளங்கிக்கொண்டு சீவிக்கிறேன். அதுவும் ஆளில்லாத வீட்டில் விறகுக் கொட்டிலோடு எந்த டயலெக்டில் கதைப்பது? ஆனால் ஆளில்லாத வீடு என்ற கதையை நான் வெளியே விடவில்லை. விட்டிருந்தால் ஆபத்து என்று சொல்லி இன்னும் இரண்டு பேர் துணைக்கு வந்திருப்பார்கள்.

புதன்கிழமை எங்கள் குசினி மேசையில் கூட்டம் நடந்தது. கணவர் ஒரு தாளில் பாதையை வரைந்து, ஹாமாரில் காருக்கு முதல் சார்ஜ், ரிங்கெபூவில் இரண்டாவது என்று எழுதினார். ஹாமாரில் கார் சார்ஜ் ஏறும் நேரத்தில் நாங்கள் இடியப்பமும் சொதியும் ஏற்றிக்கொள்வது என்று மச்சாள் முடிவு செய்தார். பிறகு இராகுகாலம் வந்தது. ஊரில் சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை, ஒன்றரை மணித்தியாலத்தோடு போய்விடும். மச்சாளோ ஒஸ்லோச் சூரியனை வைத்துத்தான் கணிப்பார். ஆனி மாதத்தில் இங்கே சூரியன் நாலு மணிக்கு முதலே எழும்பி, இரவு பதினொரு மணி ஆகப்போகும்போதுதான் படுக்கிறது. அந்த நீளமான பகலை எட்டாகப் பிரித்தால் இராகுவுக்கு இரண்டேகால் மணித்தியாலத்துக்கும் மேலே கிடைக்கிறது. நொர்வேக்கு வந்து வசதியாக இருக்கிறவர்களில் இராகுவும் ஒருவர். எட்டரை தாண்டியதும் அவர் வந்துவிடுவார், ஆகவே அதற்கு முன்னமே வெளிக்கிட வேண்டும்.

அதற்குப் பிறகு இருக்கை. கணவர் ஓட்டுவார். வளைவுகளில் மச்சாளுக்கு வயிற்றைக் குமட்டிச் சத்தி வரும், ஆகவே அவர் முன்னுக்கு. மகளுக்கு ஜன்னல் வேண்டும், மற்ற ஜன்னலோரம் சாப்பாட்டுப் பெட்டி. எனக்கு நடுச் சீட்டு. சுடுதண்ணீர்ப் போத்தல் என் மடியில்.

என் சைக்கிளை எடுக்கப் போகிற பயணத்தில் எனக்கு நடுச் சீட்டு. கோபம் வந்தது என்று சொல்ல மாட்டேன். கையில் இருந்த வெள்ளைப்பூண்டை உரித்து முடித்தேன். பிறகு கேட்டேன்.

"அப்ப சைக்கிளை எங்கை வைக்கிறது?"

இத்தனை நாளாக நடந்த திட்டத்தில் சைக்கிளை யாரும் நினைக்கவில்லை. எங்கள் காரில் சைக்கிளைக் கொழுவுவதற்குப் பின்னால் கொக்கியும் இல்லை, கூரையில் கம்பியும் இல்லை. கணவர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கார் நிற்கும் இடத்துக்குப் போனார். கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தார்.

"பின் சீட் முழுக்க மடிக்கவேணும். முன்சில்லைக் கழட்டினாலும், பக்கத்துச் சீட்டை முன்னுக்கு இழுத்துச் சரிச்சால்தான் கொள்ளும்."

"அப்ப எத்தினை பேர் போகலாம்?" என்று மச்சாள் கேட்டார்.

"ஒராள்தான்."

எனக்கு அது இரண்டு கிழமைக்கு முதலே தெரியும். சைக்கிளின் நீளத்தை எழுதிக் கேட்டு, வேலையிடத்துக் கார் தரிப்பிடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் அளந்து பார்த்திருந்தேன். இன்னும் சின்னச் சைக்கிள் ஒன்றும் அந்தப் பக்கம் விற்பனைக்கு இருந்தது. அதை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். மச்சாளின் முகம் சுருங்கியது. மகளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்று நினைக்கிறேன், சனிக்கிழமை எழும்பத் தேவையில்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த பூண்டை எடுத்தேன்.

அப்போது கணவர் சொன்னார்: "பிரச்சினை இல்லை. நான் தனியப் போய் எடுத்துக்கொண்டு வாறன். நீர் வீட்டிலை ஆறுதலா இரும்."

இந்தக் கணக்கை நான் போடவில்லை. அளவுநாடாவை வைத்து எல்லாவற்றையும் அளந்த நான், அந்த ஒருவர் யார் என்பதை அளக்க மறந்துவிட்டேன். வீட்டில் ஆறுதலாக. மச்சாளோடும் மகளோடும் ஒரு பெட்டி இடியப்பத்தோடும்.

அவர்கள் இருவரும் போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு, "நான்தான் போவன்," என்றேன். "தனிய."

"ஏன்? என்னோடை ஏதும் கோவமோ?"

"இல்லை."

"அக்கா ஏதும் சொன்னவவோ?"

"இல்லை."

"உமக்கு ஏதும் வருத்தமோ? டொக்டர் ஏதும் சொன்னவரோ?" இதைக் கேட்கும்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

"ஒரு வருத்தமும் இல்லை. எனக்குக் களைச்சுப்போச்சு. ஒருநாளைக்கு ஒருத்தரும் இல்லாமல் இருக்கவேணும் போலை கிடக்கு. அதுக்குத்தான் சைக்கிளே வாங்கினனான்."

அவர் கழுவி வைத்திருந்த கோப்பை ஒன்றை எடுத்து மறுபடியும் கழுவினார். அவரைப் பிடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவர் காதில் எப்படி விழுந்ததோ தெரியாது. சொன்னதைத் திருப்பி எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நடுச் சீட்டுத்தான்.

"சரி," என்றார் கடைசியில்.

வெள்ளிக்கிழமை அவர் வேலையால் வந்ததும் என்னைக் கீழறைக்குக் கூட்டிக்கொண்டு போய், காற்றில்லாமல் நின்ற சைக்கிள் ஒன்றின் முன்சில்லைக் கழற்றிப் பூட்டச் சொன்னார். மூன்று தரம் செய்யவைத்தார். மூன்றாம் தரம், "காணும், இனி நீர் செய்வீர்" என்றார். பஸ் ஓட்டப் பழகுகிறவர்களுக்கும் இப்படித்தான் சொல்வாராக்கும்.

சனிக்கிழமை காலையில் கார் முழுச் சார்ஜோடு நின்றது. ஆசனத்தில் ஒரு சாப்பாட்டுப் பொதி, ஒன்றே ஒன்று. அதன்மேல் சில்லுக் கழற்றும் திறப்பு. முன்சில்லுகளுக்குக் கீழே மச்சாள் கொடுத்தனுப்பிய தேசிக்காய் இரண்டு.

"எத்தினை மணிக்குத் திரும்புவீர்?" என்று கேட்டார்.

"ஆறு ஆகும்."

"அவசரப்படாதையும். ஏழெண்டாலும் ஒண்டுமில்லை." கொஞ்சம் யோசித்து, "எட்டெண்டாலும்," என்றார்.

என்னில் உள்ள அக்கறை என்று நினைத்துக்கொண்டு தேசிக்காயை நசித்துப் புறப்பட்டேன். எட்டு மணி இருபது.

தனியாக இருந்தால் நிறைய யோசிப்பேன் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் யோசிக்கவில்லை. மியோசா ஏரி வந்தது, கனநேரம் பக்கத்தில் வந்தது, போய்விட்டது. வாய்விட்டுப் பாடிப் பார்த்தேன். என் குரல் எனக்கே பிடிக்காமல் நிறுத்தினேன். ஒருவரும் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து கனகாலம்.

ஹாமாரில் கார் சார்ஜ் ஏறியபோது கைபேசியைப் பார்த்தேன். ஒரு அழைப்பும் இல்லை. நான் ரயிலில் இருபது நிமிடம் வருவதற்குள் மூன்று தரம் அழைக்கிற மனிதர் என் கணவர். ரிங்கெபூவிலும் பார்த்தேன், அங்கேயும் இல்லை. டொம்போஸில் சொன்னபடி ஆளில்லாத வீடு, விறகுக் கொட்டில், பச்சைச் சைக்கிள். பின்சில்லில் காற்றில்லை. முன்சில்லைக் கழற்றிச் சைக்கிளை ஏற்றிவிட்டுப் படிக்கட்டில் இருந்து சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிந்ததும் எனக்கு யோசனை பிடித்துவிட்டது. அவருக்கு என்ன நடந்ததோ?

நானே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தேன். அதற்கும் பதில் இல்லை. மச்சாளுக்கு எடுத்தேன். "என்னை இண்டைக்கு வரவேண்டாம் எண்டவன். பிள்ளையையும் வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டானாம். ஏதோ வீட்டிலை பெரிய வேலை கிடக்காம்," என்றார். வீட்டில் ஒரு வேலையும் கிடக்கவில்லை.

கால் மணித்தியாலம் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "சுகமா இருக்கிறன். சும்மா படுத்திருக்கிறன். ஆறுதலா வாரும்."

அந்தப் படிக்கட்டில் இருந்தபடியே அதை இரண்டு தரம் வாசித்தேன். காலையில் ஆறு, ஏழு, எட்டு என்று அவர் ஏற்றிக்கொண்டு போன மணி ஞாபகம் வந்தது. பஸ் நிறையச் சனத்தை ஏற்றி இறக்கிவிட்டு, அக்காவும் திறப்புமாக இருக்கும் வீட்டுக்கு வருகிற மனிதர். இருபத்தேழு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது. எட்டு மணித்தியாலம் கார் ஓடி நான் எடுத்ததை அவர் படுத்திருந்தே எடுத்துவிட்டார்.

எட்டரைக்குத்தான் வீட்டுக்குப் போனேன். அவர் சோபாவின் நடுவில் இருந்தார், இரண்டு பக்கமும் ஒருவரும் இல்லாமல். சைக்கிள் எப்படி என்று கேட்டார். நல்ல சைக்கிள் என்றேன். அது இப்போது கீழறையில் மற்ற இரண்டோடும் நிற்கிறது. மூன்றுக்கும் காற்றில்லை.

போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தன் கைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தார். 

"ட்ரொண்ட்ஹைமிலை ஒரு சைக்கிள் போட்டிருக்கினம்," என்றார். "பெரிசு. போக மட்டும் ஆறரை மணித்தியாலம்."