சிரட்டை போகிற பைப்

பைப் விற்கிறவள் முதலில் கேட்கவேண்டியது, தண்ணீரோடு கூட என்ன வருகிறது என்பதைத்தான். இதை எனக்கு முதலில் சொன்னவர் என் வீட்டுக்காரர். தொண்ணூறுகளின் நடுவில், ருவான்வெல்லை பஜாரில் நாங்கள் ஹாட்வெயார் கடை திறந்த முதல் மழைக்காலத்தில். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அது அப்போது விளங்கவில்லை. கடை மேசைக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களுக்குத் தெரியும், சரக்கின் பெயர் சீக்கிரம் வாயில் வந்துவிடும், குணம்தான் மெல்ல மெல்ல வரும்.

ஓட்டை பைப்

கொழும்பிலிருந்து வந்த சரக்கில், உடம்பெல்லாம் துளை போட்ட பைப்புகள் இருந்தன. ஈர மண்ணில் புதைத்தால், ஊறி நிற்கும் தண்ணீர் துளை வழியாக உள்ளே இறங்கி ஓடிவிடும் என்றார் அவர். எனக்கு அது ஒரே அதிசயம். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவேன்.

பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற லெச்சுமி அன்று நாலு அங்குல பைப் வாங்க வந்திருந்தாள். மலை வடிகால் கான்களில் பாய்ந்து வரும் மழைத்தண்ணீரைத் தேக்கி, கொஞ்சம் கொஞ்சமாக கீழே ஓடும் ஓயாவுக்கு இறக்க, அவர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே ஆட்கள் கூலியில்லாமல் சிரமதானமாக ஒரு குழி வெட்டியிருந்தார்கள். அதற்குத்தான் பைப். ஓட்டை பைப்பின் துளையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“எங்க காம்பரா கூரையில இல்லாத ஓட்டையா அக்கா? இதை வேற காசு குடுத்து வாங்கணுமா?”

கம்பி வலை

முதல் பெருமழையிலேயே குழி நிரம்பி வழிந்து, லயத்தின் கடைசிக் காம்பராவான லெச்சுமி வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. பைப் வாயில் ஏதோ அடைக்கிறது என்று வந்து நின்றாள். வாயில் கட்ட ஒரு துண்டு கம்பி வலை கொடுத்தனுப்பினேன். அடுத்த மழையில் ரப்பர் இலைகள் வலையில் அப்பிக்கொண்டன, குழி மறுபடி வழிந்தது. மகள் தலைப்பிரசவத்துக்கு அந்தக் காம்பராவுக்குத்தான் வரப்போகிறாள். இந்தத் தடவை லெச்சுமி பேச்சில் விளையாட்டே இல்லை.

“தண்ணி பாயில ஏறினா, பச்சப்புள்ளய எங்கக்கா கிடத்துறது?”

சிரட்டை

அன்று அந்தி விளக்கேற்றியபோது, இன்னும் பிறக்காத அந்தப் பிள்ளைக்காகவும் பிள்ளையாரிடம் கேட்டேன். கைகூப்பி நிற்கும்போதுதான் வீட்டுக்காரர் சொன்னது நினைவு வந்தது. மறுநாள் லெச்சுமியைக் கூப்பிட்டு, குழியில் என்னதான் கிடந்தது என்று விசாரித்தேன். இலை, ரப்பர் விதை, அப்புறம் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுகிற தேங்காய்ச் சிரட்டை, காற்றுமழையில் விழுந்து மிதந்து வருமாம்.

ஒரு சிரட்டையைக் கொண்டுவரச் சொல்லி, கடையிலேயே பரீட்சை வைத்தோம். நாலு அங்குலத்தில் அது பானைக்கு மூடிபோல உட்கார்ந்துவிட்டது. ஆறு அங்குலத்தைச் சாய்த்துப் பிடித்து விட்டோம். உருண்டுபோய் அந்தப் பக்கம் விழுந்தது. ஆணி வாங்க வந்த சிங்கள மாத்தயா ஒருவர், அவர் பங்குக்கு இரண்டு தடவை உருட்டிப் பார்த்தார். வலையை எடுத்துவிட்டு ஆறு அங்குலமே போடுவதென்று முடிவானது. பழைய பைப்பைத் திருப்பி எடுத்துக்கொண்ட என் வீட்டுக்காரர் சொன்னது:

“அடிக்கோல் மேசையில கிடக்கு, இதுக ரெண்டும் சிரட்டையில அளக்குதுக.”

பெருமழைக்கு மறுநாள்

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் காம்பராவுக்குக் கொண்டுவந்த அதே வாரம், பகலில் பிடித்த மழை பஜாரையே முழங்கால் தண்ணீரில் நிறுத்தியது. நான் மேசைக்குப் பின்னால் நின்று முருகா முருகா என்றுகொண்டிருந்தேன். மறுநாள் லெச்சுமி வந்தாள். ஒன்றும் வாங்கவில்லை. குடையை மடக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“சிரட்ட பைப்புக்குள்ள கடகடன்னு உருண்டு போய்க்கிட்டே இருந்துச்சு அக்கா. புள்ள அந்தச் சத்தத்துலயே தூங்கிருச்சு.”

இத்தனை வருஷம் பைப் விற்று நான் கற்றது ஒரு சிரட்டை கொள்ளும் அளவுதான். நீங்களும் பைப் வாங்கக் கிளம்புமுன் உங்கள் கானில் என்ன கிடக்கிறது என்று ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டுப் போங்கள்.