குட்டையில் ஊற்றாத எண்ணெய்

அந்தத் தெருவில் அவளைக் கொசுக்காரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக நகராட்சியில் கொசு ஒழிக்கிற வேலை. அன்று காலை எண்ணெய்க் கேனோடு குட்டைக்கரைக்கு வந்தபோது, அவளுடைய ஒரே மகள் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காய்ச்சலில் கிடந்தாள். தெருவில் வீட்டுக்கு ஒருவராகப் படுத்துவிட்டார்கள். குட்டையில் எண்ணெய் ஊற்றச் சொல்லி மேலதிகாரியின் உத்தரவு.

கரையில் முப்பது பேர் கூடியிருந்தார்கள்.

"என்னக்கா வேடிக்கை பாக்கறே? ஊத்து!" என்று கத்தினார் தையல்காரர். அவருடைய அம்மாவும் அதே ஆஸ்பத்திரியில்தான்.

மூடியைத் திருகியவளுக்குக் கை ஓடவில்லை. நாலு வருஷம் முன்பு பக்கத்துத் தெருக் குட்டையில் இதே எண்ணெயை ஊற்றியவள் அவள்தான். மீன்கள் செத்து மிதந்தன, தவளைச் சத்தம் அடங்கிப்போயிற்று. எண்ணெய் கலைந்ததும் முதலில் திரும்பி வந்தது கொசுதான். அதைத் தின்ன அங்கே எதுவும் மிச்சமில்லை.

நீளக்காம்புக் கரண்டியால் பத்து இடத்தில் தண்ணீரை மொண்டு பார்த்தாள். பொடிமீன், தலைப்பிரட்டை, தும்பிக்குஞ்சு. கொசுப்புழு மருந்துக்குக்கூட இல்லை.

"இங்க இல்லண்ணே. வேற எங்கயோ பெருகுது."

"பெத்த பொண்ணு படுத்திருக்கா, இப்பவும் ஆராய்ச்சியா? உனக்கு நெஞ்சா கல்லா?"

சுருக்கென்று தைத்தது. தன் கணக்குத் தப்பாக இருந்து, மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"ஒரு மணி நேரம் குடுங்க. கண்டுபிடிக்கலைன்னா நானே ஊத்தறேன்."

தையல்காரர் கேனைப் பிடுங்கிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தார். டிரம், தொட்டி, பழைய டயர் என்று ஓட்டமும் நடையுமாகக் குடைந்தாள். அங்கங்கே நாலைந்து புழு. இத்தனை பேரைச் சாய்க்க அது போதாது. முக்கால் மணி நேரம் பறந்துவிட்டது.

தெருக்கோடியில் பாதி கட்டி நின்ற மாடிக்கட்டடத்தில் காவலாளி மறித்தார். "ஓனர் சொல்லாம விடமுடியாதும்மா."

"உங்க வீட்ல யாருக்குக் காய்ச்சல்?"

அவர் கதவைத் திறந்துவிட்டார்.

லிஃப்டுக்கு வெட்டிய குழியில் மழைத்தண்ணீர் தெளிந்து நின்றது. மீனில்லை, தவளையில்லை. ஒரு கரண்டி மொண்டதும் புழுக்கள் நெளிநெளியென்று நெளிந்தன. தையல்காரர் அதையே வெறித்துப் பார்த்தார்.

"இதுல ஊத்தலாமாக்கா?"

"தாராளமா ஊத்துங்க."

மறுநாளே குழியை இறைத்துக் காயவிட்டார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு தெருவில் புதிதாக யாரும் படுக்கவில்லை. தையல்காரரின் அம்மா தேற ஒரு மாதமாயிற்று. மகளுக்கு ஆறாம் நாள்தான் காய்ச்சல் விட்டது.

ஆனால் அன்று மதியம் அவளுக்கு அதெல்லாம் தெரியாது. கட்டிலோரம் உட்கார்ந்து மகளின் நெற்றியைத் தொட்டபோது இன்னும் அனலாகக் கொதித்தது.

"ஏம்மா உன் கை நடுங்குது?"

"பசிடி" என்றாள்.