ராணிக்குப் போன மனு

அடுத்தவர் துக்கத்தை ஒரே பக்கத்தில் அடக்குவதுதான் மனு எழுதுகிறவன் தொழில். அறுபதுகளின் கடைசியில், செஞ்சி தாலுகா ஆபீஸ் வாசலில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மனுப் போட்டுவிட்டுத் தபால்காரர் முகத்தைப் பார்த்து நின்றவர்கள் நீங்கள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

விலாசம்

பொன்னம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு ஜனங்களைப் பிரித்துக்கொண்டதில், அவர் இந்தியாவின் பங்கில் விழுந்து, சொந்தக்காரர்களைத் தேடி அனந்தபுரம் வந்து சேர்ந்தார். மகள் செல்லம் அங்கேயே நின்றுவிட்டாள். அவள் புருஷன் இலங்கைக் குடியுரிமை கேட்டிருந்தான். அது தள்ளுபடியாகி, அவனும் இறந்துபோனான். இப்போது செல்லத்துக்கு எந்த நாடும் இல்லை.

இலங்கைக்கு அப்போதும் லண்டன் ராணிதான் ராணி. மகளை அந்த நாட்டுக் குடிமகளாக ஏற்கச் சொல்லி அவருக்கு எழுதச் சொன்னார் பொன்னம்மா. "அவங்க பேருக்குத்தான் ராணி, மந்திரிங்க சொல்றபடிதான் நடப்பாங்க" என்றேன்.

"கோர்ட்டு, போலீசு எல்லாம் அந்தம்மா பேர்லதானே நடக்குது? எழுதுங்கய்யா."

தடித்த காகிதம்

நாலு மாதம் கழித்து லண்டன் அரண்மனையிலிருந்து, தடித்த காகிதத்தில் பதில் வந்தது. இலங்கை விஷயத்தில் ராணி இலங்கை மந்திரிகளின் ஆலோசனைப்படியே நடப்பார். ஆகவே மனு கொழும்புக்கு அனுப்பப்பட்டது. எழுதியிருந்தவர் ஒரு காரியதரிசி.

"அந்தம்மா படிச்சாங்கன்னு போட்டிருக்குதா?" என்று கேட்டார் பொன்னம்மா. போட்டிருக்கவில்லை. ஆனாலும் "போட்டிருக்குது" என்றேன். அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் போனதும், பக்கத்தில் முத்திரைத்தாள் விற்கும் நயினார் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாத்துக்குய்யா பொய் சொன்ன? இனிமே அது நம்பிக்கிட்டு நடக்குமே!"

நடந்தார். வாரம் தவறாமல், அடுத்த பதில் வந்ததா என்று கேட்டு என்னிடம்.

இரண்டு கடிதங்கள்

நாடுகளுக்குள் ஆன ஒப்பந்தத்தை ஒருத்திக்காக மாற்ற முடியாது என்று கொழும்பு கைவிரித்தது. அவளை இந்தியாவாவது ஏற்கட்டும் என்று, கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு எழுதினேன். மூன்று தடவை எழுதினேன். செல்லம் நேரில் வர வேண்டும் என்றார்கள். காய்ச்சலோடு போய் வந்தாளாம்.

ஒரு திங்கட்கிழமை இரண்டு கடிதங்கள் சேர்ந்து வந்தன. ஒன்று, செல்லத்தை இந்தியக் குடிமகளாக ஏற்றுக்கொண்ட உத்தரவு. மற்றது, அவள் இறந்ததைச் சொல்லித் தோட்டத்திலிருந்து வந்தது. இந்தத் தடவை பொய் சொல்ல வாய் வரவில்லை. இரண்டையும் படித்தேன். பொன்னம்மா அழவில்லை. இரண்டிலும் இருந்த தேதிகளைக் கேட்டார். உத்தரவுக்கு ஆறு நாள் முன்னாலேயே அவள் போய்விட்டிருந்தாள்.

"அப்ப எந்த ஊர்க்காரியும் இல்லாமத்தான் செத்தாளா, ஐயா?"

அரண்மனை முதல் தாலுகா ஆபீஸ் வரை என் மனுக்களுக்குப் பதில் போட்ட யாரும் மரியாதையில் மட்டும் ஒரு குறையும் வைத்ததில்லை.